கிழக்குக் கரையில் கொட்டிய சேறு

கனிமொழி வேலை பார்ப்பது ஒரத்தநாட்டில், ஒரு தனியார் விதை நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில். விவசாயிகளுக்கு மூட்டையாகப் போகும் விதைநெல் முளைக்குமா முளைக்காதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அவளுடைய பொறுப்பு. ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் நானூறு நெல்லை எண்ணி எடுத்து, ஈரத் தாளில் வரிசையாக அடுக்கி, பாயைப் போலச் சுருட்டி நிறுத்தி வைப்பாள். பதினான்காம் நாள் பிரித்தால் சில நாற்று நேராக நிற்கும், சில முறுக்கிக்கொண்டு கிடக்கும், சில நெல் அழுகிப் போயிருக்கும். மூன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இருபத்தொன்பது வயதில் தனக்கு வாய்த்த இந்த வேலையை அவள் ரசித்துத்தான் செய்தாள். ஞாயிறு சாயங்காலமே திங்கட்கிழமையை எதிர்பார்க்கிற ஆள் தான் ஒருத்திதானோ என்று அவளுக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

அதற்குக் காரணம் நெல் மட்டுமில்லை, கூட இருந்த மூன்று பேர். கூடத்தின் தலைவர் நெடுமாறன், ஐம்பதை நெருங்குகிறவர். நெல்லை உதட்டுக்குள் முணுமுணுத்தபடி எண்ணுவார். யாராவது நடுவில் பேசிவிட்டால் கணக்குத் தப்பிவிடும். கோபப்படாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அவருடைய கணக்கைத் தப்பவைப்பதே செந்தில்குமாருக்குப் பொழுதுபோக்கு. அவன் ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்து வருகிற களப்பணியாளன். ஜீப்பை விட்டு இறங்கும்போதே ஒரு கதையோடுதான் இறங்குவான். மூன்றாவது ஆள் பர்வின், அதிராம்பட்டினத்துக்காரி. கனிமொழியும் அவளும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். திங்கட்கிழமை காலை பர்வின் ஊரிலிருந்து வரும்போது டப்பாவில் வறுத்த மீன் வரும். பதினொரு மணி டீயோடு மீன் தின்கிற அலுவலகம் தஞ்சை மாவட்டத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது தற்செயலாக. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் கூடத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் காட்டாமணக்கு மண்டி அடைத்துக்கொண்டது. தண்ணீர் பின்வாசல் வழியாக உள்ளே வரப் பார்த்தது. ஆளுக்காகக் காத்திருந்தால் விதையெல்லாம் போய்விடும் என்று நான்கு பேரும் இறங்கி வெட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் அடைப்பு உடைந்து தண்ணீர் சடாரென்று ஓடியபோது, நெடுமாறன் சார் வேட்டியோடு வாய்க்காலுக்குள் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு, "பக்கத்துத் தெருவுலயும் இதே அடைப்புத்தான்" என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பெரிய இயந்திரங்கள் எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன வாய்க்கால்களாகத் தேடிப் போய்த் தூர் எடுத்தார்கள்.

கனிமொழி இதை வீட்டில் சொல்லவில்லை.

அவளுடைய ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர். அப்பா காத்தான் பதினைந்து வயதிலிருந்து நடராசன் என்பவரின் பண்ணையில் வேலை செய்தவர். நாற்பத்தைந்துக்கு மேல்தான் அதை விட்டுவிட்டு, ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே பயிர் வைக்க ஆரம்பித்தார். கனிமொழி பத்து வயதில் ஒரு நாள் விளையாட்டாக மண்வெட்டியைத் தூக்கியபோது, அவர் ஓடிவந்து பிடுங்கி வீட்டுக் கூரை மேல் எறிந்தார். "இது உன் கைக்கு இல்ல" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கைதான் இப்போது வாரம் முழுக்க நெல்லை எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது. போகும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்கு முன், இதில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று தனக்காவது தெரிய வேண்டாமா?

போன சித்திரையில் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நெடுமாறன் கேட்டார்.

"கடைமடைப் பக்கம் ஒரு தடவைகூடப் போகலியே நாம. கனி, உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது வாய்க்கா இருக்கா?"

"இருக்கு சார். நொச்சி வாய்க்கா. ஆறேழு வருஷமா யாரும் தொடல."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே உறைத்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்திருக்கலாம். ஏன் சொன்னோம் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தாள். பர்வினை எழுப்பிக் கேட்டாள்.

"உங்க ஊருக்கு நாங்க வர்றது உனக்குப் புடிக்கலியா?" என்றாள் பர்வின்.

"புடிச்சிருக்கு. அதுதான் பயமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் புரியல" என்று பர்வின் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போன் செய்து, ஆபீஸிலிருந்து நான்கு பேர் வருகிறோம், வாய்க்கால் சுத்தம் செய்யப் போகிறோம், மத்தியானம் சாப்பாடு நம் வீட்டில் என்றாள். அம்மா அம்சத்துக்கு ஒரே சந்தோஷம். அப்பா போனை வாங்கினார்.

"கூலி எவ்வளவு?"

"கூலியெல்லாம் இல்லப்பா. நாங்களா செய்யறது."

"சும்மாவா?"

"ஆமாம்ப்பா."

"சும்மா செய்யறதுக்கு ஏன் அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்ட மாதிரி இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. அவள் பதில் தேடுவதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கே நான்கு பேரும் நொச்சி வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். வாய்க்காலின் மேற்கே நடராசனின் வயல், தென்னந்தோப்பு. கிழக்குக் கரை மேல் போகிற பாதைதான் கனிமொழி பிறந்த கீழத்தெருவிலிருந்து பஸ் போகும் சாலைக்கு வழி. எட்டு மணி வாக்கில் நடராசன் வந்தார். எழுபது வயது, வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு ஆள் இளநீர்க் குலையோடு. இறங்கி வேலை செய்கிறவர்களைப் பார்த்து நிஜமாகவே நெகிழ்ந்து போனார்.

"படிச்ச புள்ளைங்க இப்படி வந்து செய்யறதுன்னா சும்மாவா சார்! குடிங்க, மொதல்ல குடிங்க." அப்புறம் கனிமொழியைப் பார்த்து, "நீ காத்தான் மவதானே?" என்றார்.

"ஆமாங்க."

"நல்லாரு" என்றார். பிறகு நெடுமாறன் பக்கம் திரும்பி, "சேத்தைக் கெழக்குக் கரையில போட்டுருங்க சார். மேக்கால தென்னங்கன்னு வெச்சிருக்கேன்" என்றார்.

"அப்படியே செஞ்சிருவோம்" என்றார் நெடுமாறன்.

கிழக்குக் கரையில் போட்டார்கள். செந்தில்குமார் வெட்டிக் கொடுக்க, பர்வின் சட்டியில் வாங்கிக் கொடுக்க, கனிமொழி கரையில் நின்று கொட்டினாள். மணிக்கட்டைச் சுழற்றிச் சட்டியைக் கவிழ்ப்பதில் அவளுக்கு ஒரு லாவகம் வந்திருந்தது. செந்தில்குமார் தனக்கு நடக்கவிருந்து நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வெட்டினான். மாப்பிள்ளை அழைப்பன்று ஜீப் வயலுக்குள் இறங்கிய இடத்தில் பர்வின் சிரித்துச் சிரித்துச் சட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்குள், அடைத்திருந்த முந்நூறு அடி நீளத்துக்கும் வாய்க்கால் அடி தெரிந்தது. கனிமொழி எத்தனை சட்டி கொட்டினாள் என்று கணக்கில்லை. நூறுக்குக் குறையாது.

மத்தியானம் அம்சம் வீட்டில் சாப்பாடு போட்டாள். எல்லோரும் இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்கள். நெடுமாறன், "அம்மா, இந்தக் கத்திரிக்கா எந்தக் கொல்லைது?" என்று விசாரித்து விதை கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா மட்டும் இல்லை. கீழ்வேளூரில் ஏதோ வேலை என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கீழ்வேளூரில் என்ன வேலை என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கோடை மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்றுச் சுருளைப் பிரித்து வைத்திருந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து போன்.

"அம்மா விழுந்துட்டா. கை."

அம்சம் நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில் கரைமேல் சேற்றில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கனிமொழி பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் நாகப்பட்டினத்தில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார்கள். சாலையில் இறங்கிக் கரைப் பாதையில் ஏறியபோதுதான் அவள் பார்த்தாள். பாதை என்று ஒன்றே இல்லை. ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புச் சேறு, மழையில் கரைந்து, கூழாகக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போன பாதை அது. எந்த இடத்தில் கல் இருக்கும், எந்த இடத்தில் முள் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதன்மேல்தான் நின்றுகொண்டு, அதன்மேலேயே கொட்டியிருக்கிறாள்.

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணுமில்லடி. ஒரு மாசம் உங்கப்பா சமைக்கட்டும்."

அப்பா வாசலில் நின்றார். "அந்த மண்ணை அங்க போட்டது யாரு?"

"நான்தாம்ப்பா."

"நீயா?"

"நான்தான் கரையில நின்னேன். கிழக்கால போடச் சொன்னாங்க. போட்டேன்."

"அது வழின்னு உனக்குத் தெரியாதா?"

அவள் வாயைத் திறந்தாள். தெரியும் என்றால் வேண்டுமென்று செய்ததாகிவிடும். தெரியாது என்றால் பொய். "தெரியும்ப்பா. ஆனா அன்னைக்குத் தோணவே இல்ல" என்றாள்.

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை கூடத்தில் மூன்று பேரிடமும் சொன்னாள். சொல்லும்போதே குழம்பியது. நாம் நல்லதுக்குத்தான் போனோம், தண்ணீர் வரும், அது உண்மை. ஆனால் தண்ணீர் முதலில் போகிற வயல் நடராசனுடையது, அதுவும் உண்மை. அப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கும் அதே வாய்க்கால்தான், அதையும் மறுக்க முடியாது. அம்மாவின் கை உடைந்தது.

"நாம என்ன பண்ண முடியும்? நிலத்துக்காரர்கிட்டக் கேட்டுத்தானே போட்டோம்" என்றான் செந்தில்குமார். அவனும் நடவு வயலும் களமும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. சொன்னதும் அவனுக்கே ஏதோ இடறியிருக்க வேண்டும். "கரையும் அவரோடதா?" என்று தானே கேட்டுக்கொண்டான்.

"உனக்குத் தெரியும்ல கனி, அது உங்க வழின்னு?" என்றாள் பர்வின்.

"எல்லாரும் இதையே கேளுங்க. தெரியும். செந்தில் கதை சொல்லிட்டிருந்தாரு, நான் சிரிச்சிட்டிருந்தேன், கை பாட்டுக்குக் கொட்டிட்டே இருந்துச்சு. அப்ப நான் அந்தத் தெருப் பொண்ணாவே இல்ல. உங்கள்ல ஒருத்தியாத்தான் இருந்தேன்." சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கு நிதானிக்க முடியவில்லை.

நெடுமாறன் எண்ணிக்கொண்டிருந்த நெல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "கேக்க வேண்டிய ஆளுங்களை நான் கேக்கல. நாளைக்குப் போய் அள்ளிடுவோம்" என்றார்.

அள்ளுவது சுலபம்தான், எங்கே போடுவது என்பதுதான் சிக்கலாகிவிட்டது. இந்தத் தடவை கீழத்தெருவில் கேட்டார்கள். பத்துப் பேர் கூடி, பத்து இடம் சொன்னார்கள். கோயில் முன்னால் பள்ளம் என்றார் ஒருவர். கோயிலுக்குச் சாக்கடைச் சேறா என்றார் இன்னொருவர். என் கொல்லையில் போடுங்கள், வாழைக்கு நல்லது என்றாள் ஒரு பெண். அவளுக்கு மட்டும் என்ன தனியாக என்று சண்டை வந்தது. நெடுமாறன் கையில் மண்வெட்டியோடு ஒன்றரை மணி நேரம் நின்றார். கடைசியில் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் மழைக்குக் குளமாகிற தாழ்வு ஒன்று இருந்தது, அதைத் தூர்க்கலாம் என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

அள்ளத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காத்தான் வந்தார். தோளில் சொந்த மண்வெட்டி. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், கனிமொழிக்கு நான்கடி தள்ளி நின்று வெட்ட ஆரம்பித்தார். அவர் ஒரு தடவை வெட்டுவது செந்தில்குமார் மூன்று தடவை வெட்டுவதற்குச் சமமாக இருந்தது.

தெருவில் ஆள் கூடியது தெரிந்து நடராசனும் வந்தார். அம்சத்தின் கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே காத்தான். நான் ஒண்ணும் நெனைச்சுச் சொல்லல. எங்கப்பா காலத்துலேருந்து அந்தப் பக்கந்தானே போடுவாங்க. அந்த வழக்கத்துல வாய்ல வந்துருச்சு."

செந்தில்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பர்வின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காத்தான் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"நெசந்தாங்க" என்றார். "அந்தப் பக்கந்தான் போடுவோம். நானே போட்டிருக்கேன். முப்பது வருஷம். வருஷா வருஷம் நான்தான் வெட்டுவேன், நான்தான் கெழக்கால போடுவேன், சாயங்காலம் அதே சேத்துல மிதிச்சுக்கிட்டு நான்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு நாளாவது மேக்கால போட்டா என்னன்னு தோணிச்சா? தோணல. நேத்து பூரா அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன். ஏன் தோணல? எனக்கே தெரியலிங்க."

நடராசனுக்கும் தெரியவில்லை. "அடுத்த தடவை மேக்கால போடுங்க. கன்னைத் தள்ளி வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மனதாரச் சொன்னாரா, கூட்டத்துக்காகச் சொன்னாரா என்று தெருவில் அன்றைக்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

வேலை முடிய மூன்று மணி. கடைசிச் சட்டியைத் தூக்கும்போது செந்தில்குமார் கால் வழுக்கித் தாழ்வில் முகம் குப்புற விழுந்தான். எழுந்தபோது இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. தெருவே சிரித்தது, கனிமொழியும் சிரித்தாள். காத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை வீட்டு வாசலில் மாவுக்கட்டோடு நிற்கும் அம்மாவின் மேல் பட்டது. அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவின் கை உடைந்த காரணத்தால் நடக்கிற வேலையில் தான் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது சரியா என்று கனிமொழிக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடத்தால் சந்தோஷம் குறையவும் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் ஆற்றுத் தண்ணீர் நொச்சி வாய்க்காலுக்கு வந்தது. காத்தானின் ஒன்றரை ஏக்கருக்கு ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக நாற்று விடும் நேரத்துக்கே பாய்ந்தது. அம்சத்தின் கட்டைப் பிரித்தார்கள், விரல்கள் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் வலிக்கும் என்றார்கள்.

நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்தக் கரையில் நடக்கிறவர்களைத் தேடிக் கேட்கிறார்கள். கேட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, பாதி நாள் பேச்சிலேயே போய்விடுகிறது. செந்தில்குமார் அலுத்துக்கொள்கிறான். சில ஊரில் ஆட்கள் ஒத்துவராமல், மண்வெட்டியை நனைக்காமலே திரும்பியும் வந்திருக்கிறார்கள். அப்படித் திரும்பி வருகிற நாளில்கூட ஜீப்பில் பாட்டும் கிண்டலுமாகத்தான் வருகிறார்கள். ஒன்றும் செய்யாமல் வந்ததில் என்ன கொண்டாட்டம் என்று கனிமொழி ஒரு நாள் கேட்டாள். நெடுமாறன் யோசித்துப் பார்த்தார். "தெரியலியேம்மா" என்றார்.

போன வாரம் அப்பா போன் செய்தார். அம்மா எப்படியிருக்கிறாள், பயிர் எப்படியிருக்கிறது எல்லாம் பேசி முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"வேலை புடிச்சிருக்கா?" என்றார்.

"எந்த வேலைப்பா? ஆபீஸா, ஞாயித்துக்கெழமையா?"

அப்பா அந்தப் பக்கம் யோசித்தார். எதைக் கேட்க வந்தார் என்பது அவருக்கும் பிடிபடவில்லை போலிருந்தது.

"ரெண்டுந்தான்" என்றார்.

"புடிச்சிருக்குப்பா. ஏன்னு கேட்டீங்கன்னாத்தான் சொல்லத் தெரியல."

"நான் கேக்கலியே" என்றார் அப்பா.